பழைய அலுமினியப் படகு வாங்குமுன்

வயலை விட்டுக் களப்போரம் வந்த நாம், கையிலிருக்கும் சிறு காசில் பழைய படகு வாங்கும்போது புதுப் பெயின்ற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது.

1. காசு கொடுக்குமுன் படகை மரக்குற்றிகளில் ஏற்றி, உள்ளே நாலு அங்குலம் தண்ணீர் விடுவோம். அடியில் கசியும் இடங்களை வெண்கட்டியால் குறிப்போம். தகடே அரித்துப் பல இடம் கசிந்தால் வாங்காமல் விடுவோம்.

2. றிவெற் ஆணி மட்டும் தளர்ந்திருந்தால் இருவர் சேர்ந்து இறுக்கலாம். ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனத்த இரும்பை அண்டக்கொடுக்க, மற்றவர் உள்ளிருந்து மெதுவாகத் தட்ட வேண்டும். பின் மீண்டும் தண்ணீர் விட்டுப் பார்ப்போம்.

3. செம்பு, பித்தளை ஆணிகளைப் பாவிக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் அவை தொடும் அலுமினியம் அரித்துப்போகும்.

4. இருக்கையின் கீழுள்ள மிதவை நுரை தண்ணீரில் ஊறியிருந்தால் மாற்றுவோம். படகு நிரம்பினாலும் அமிழாமல் எம்மைக் காப்பது அதுவே.