ஊத மறுத்தால் வழக்கு நிற்காதா?

வாகனத் தணிக்கையின்போது பிரீத் அனலைசர் எனப்படும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத மறுத்துவிட்டால் அளவு பதிவாகாது, அளவு பதிவாகாவிட்டால் வழக்கும் நிற்காது என்னும் நம்பிக்கை ஓட்டுநர்களிடையே நிலவுகிறது. அதில் ஓரளவு உண்மை கலந்திருப்பதே அதனைக் கேடுடையதாக்குகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது சோதனையில் தெரியவருவதையே குற்றமாக வரையறுத்து, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிப்பதால், அளவின்றி அதனை மெய்ப்பிப்பது அரசுத் தரப்புக்குக் கடினம்தான். ஆனால் அளவை அறிய மூச்சு ஒன்றே வழி என்று சட்டம் கருதவில்லை.

ஒருவர் மது அருந்தி வாகனம் ஓட்டியதாக ஐயுறத் தக்க காரணம் இருந்தால் சீருடையிலுள்ள காவல் அலுவலர் மூச்சு மாதிரியைக் கேட்கலாம் என்னும் 203ஆம் பிரிவு, அவ்வாறு கேட்டும் மறுப்பவரின் உடலில் மது இருப்பதாக ஐயுற்றால் பிடியாணை இன்றியே கைது செய்யவும் இடமளிக்கிறது. கைதானவருக்குக் காவல் நிலையத்தில் ஊத மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டும்; அங்கும் மறுத்தால், பதிவுபெற்ற மருத்துவரிடம் இரத்த மாதிரி தருமாறு 204ஆம் பிரிவின்படி பணிக்கலாம். மூச்சையோ இரத்தத்தையோ தக்க காரணமின்றித் தர மறுத்தது மெய்ப்பிக்கப்பட்டால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு. சாலையோரத்தில் சில நொடிகளில் முடிந்திருக்கக்கூடிய சோதனை, மறுப்பினால் கைதாகவும் ஊசிமுனையாகவும் மாறுகிறது.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரை வற்புறுத்தலாகாது என்னும் அரசமைப்பின் 20(3)ஆம் கூறு ஊதுவதிலிருந்து காக்கும் என்பாரும் உளர். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு 1961இல் தீர்ப்பளித்தது. உண்மை கண்டறியும் சோதனைகளை ஒப்புதலின்றி நடத்தலாகாது என்ற 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பும், மனத்திலுள்ளதை வெளிக்கொணர்வதையும் உடலிலிருந்து மாதிரி எடுப்பதையும் வேறுபடுத்தியே பார்த்தது.

காப்பீட்டைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை இன்னும் வலுவற்றது. 2007 டிசம்பரில் புது தில்லி இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே கார் தொடர்பாக 2021இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ இல்லாத நிலையிலும், ஓட்டுநரிடம் மது நெடி இருந்ததையும் விபத்து நேர்ந்த விதத்தையும் கருதி, இழப்பீடு தர மறுத்த காப்பீட்டு நிறுவனத்தின் முடிவை ஏற்றது.

புதினா மிட்டாய், பச்சை வெங்காயம் போன்றவை கருவியை ஏமாற்றும் என்பது வீண் நம்பிக்கை. அவை வாயின் மணத்தை மாற்றுமேயன்றி, இரத்தத்திலிருந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஆவியாக வந்துசேரும் மதுவைத் தொடுவதில்லை. தாமதிப்பதும் எப்போதும் உதவாது: சற்று முன் அருந்திய மது குடலிலிருந்து இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும்வரை அளவு ஏறவே செய்யும்.

எனினும் கருவி ஒருபோதும் பிழை செய்யாது என்பதும் சரியன்று. மது கலந்த வாய்க்கொப்பளிப்பானோ இருமல் மருந்தோ வாயில் தங்கியிருக்கும் முதல் பதினைந்து நிமிடங்களில் அளவு பொய்யாகக் கூடலாம். அந்நிலையில் ஊத மறுப்பதைவிட, காரணத்தைச் சொல்லிச் சற்றுப் பொறுத்து மீண்டும் ஊத வாய்ப்புக் கேட்பதும் இரத்தச் சோதனையைக் கோருவதுமே ஓட்டுநருக்குத் துணையாகும். இரத்தம் தருபவர் பெண்ணாயின் பெண் மருத்துவரோ உடனிருக்கும் ஒரு பெண்ணோ இன்றி அதனை எடுக்கலாகாது. 185ஆம் பிரிவின்கீழ்க் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு கூறுவதால், கைதான நேரம் ஆவணத்தில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கையொப்பமிடுமுன் பார்த்துக்கொள்வது அவசியம்.