சரும அழகும் சத்துள்ள ஆகாரமும்

மேனி அழகு என்பது விலை கொடுத்துக் கடையில் வாங்கும் பொருள் என்ற எண்ணம் நகரங்களைத் தாண்டிக் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது. மதுரையை அடுத்த திருநகரிலும், அதைச் சூழ்ந்த நிலையூர், தனக்கன்குளம் முதலிய ஊர்களிலும், ஓரளவு நிலம் உள்ள குடியானவர் வீட்டு அடுக்களையில் இருக்கும் சரக்குகளை ஒருவர் எண்ணிப் பார்ப்பாராயின், பச்சைப்பயறு, வெந்தயம், மஞ்சள், நல்லெண்ணெய், கேழ்வரகு, புழுங்கலரிசி, மோர் ஆகியவை பெரும்பாலும் இருக்கக் காண்பார். கொல்லையில் ஒரு முருங்கையும் நிற்கக்கூடும். இவற்றுள் பல, உண்பதற்கும் உதவும். உடலில் பூசித் தேய்ப்பதற்கும் உதவும். ஆயினும் எதை உண்ண வேண்டும், எதைப் பூச வேண்டும், இரண்டில் எது முந்தியது என்பதைத் தெளிவாக அறிந்து நடப்போர் சிலரே. உண்ணும் ஆகாரத்தில் குறை இருக்கையில் மேற்பூச்சு எவ்வளவு உயர்ந்ததாயினும் பலன் தராது என்பதை நிரூபிக்கும் அனுபவம் இம்மதுரை நகரிலேயே உண்டு.

தேரைத்தோல்

சிறுவர் சிறுமியரின் முழங்கைகளிலும், முழங்கால்களிலும், தொடையின் வெளிப்புறத்திலும் தோல் வறண்டு, மயிர்க்கால்தோறும் சிறு முட்கள் போன்ற தடிப்புக்கள் எழும்பிச் சொரசொரப்பாக இருப்பதுண்டு. இதைப் பெற்றோர் அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்கூட்டினால் அழுத்தித் தேய்ப்பர். அல்லது சொறி என்று நினைத்து மருந்து பூசுவர். இலங்கையில் வைத்திய ஆராய்ச்சி செய்துவந்த லூசியஸ் நிக்கல்ஸ் என்பவர் 1933-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து, அதற்குத் ‘தேரைத்தோல்’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டினார். இது அழுக்கினாலும் தொற்றினாலும் வருவதன்று; ஆகாரத்தில் உள்ள குறையினால் வருவது என்பது அவர் கண்ட முடிவு.

முதலில் இது வைட்டமின் ‘ஏ’ என்னும் உயிர்ச்சத்தின் குறைவினால் மட்டும் உண்டாவதாகக் கருதப்பட்டது. நீலகிரியில் குன்னூரில் நடைபெற்றுவந்த ஆகார ஆராய்ச்சி நிலையம் 1958-ல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், தாவர எண்ணெய்களில் உள்ள சில இன்றியமையாத கொழுப்புச் சத்துக்களும், ‘பி’ வகை உயிர்ச்சத்துக்களும் போதாமையும் இதற்குக் காரணமாகும் என்று தெரியவந்தது. ஆகவே கீரை, பயறு, எண்ணெய் ஆகிய மூன்றும் சிறுவர் உண்ணும் சோற்றில் போதிய அளவு சேர வேண்டும். வாயின் இரு ஓரங்களும் வெடித்துப் புண்ணாதல், நாக்கு சிவந்து எரிதல் ஆகியவையும் பெரும்பாலும் ‘பி’ வகைச் சத்துக்களின் குறைவைக் காட்டும் அடையாளங்களே.

மதுரையில் நடந்த சிகிச்சை

வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் தோலுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் கேடு விளையும். முதலில் மாலைக்கண் தோன்றும். பிறகு வெள்விழி வறண்டு, அதன் மேல் நுரை போன்ற வெண்புள்ளிகள் படியும். கவனியாமல் விட்டால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். எட்டயபுரத்திற்கு அருகில் வடமலாபுரம் என்னும் கிராமத்தில் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவரும், மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் வைத்தியப் பகுதித் தலைவராக இருந்தவருமான டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இவ்வகையில் கண் கெட்டு வரும் குழந்தைகளுக்கென 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஆகாரச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தினார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த அன்டுவானெட் பிரீ என்னும் அம்மையார் இதில் அவருக்குத் துணை நின்றார். அந்நிலையத்தைப் பற்றிய அறிக்கை 1976-ல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அதே ஆண்டில்தான் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

அந்நிலையத்தின் சிறப்பு மருந்தில் மட்டும் இல்லை. தாய்மாரும் குழந்தைகளோடு தங்கி, உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றைக் கொண்டு சமைக்கவும், அவற்றைக் குழந்தை விரும்பி உண்ணுமாறு ஊட்டவும் பழகினர். குழந்தையைத் தேற்றிய பொருள்கள் அத்தாய்மார் வாழ்ந்த ஊர்களிலேயே விளைபவை. கண்ணைக் காக்கும் கீரை வேலியில் நிற்க, அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் குழந்தைக்கு வெறும் சோறும் ரசமும் ஊட்டுவது அறியாமையால் வரும் நஷ்டமாகும். சோழவந்தான் பகுதியில் வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர்வதற்காக வளர்க்கும் அகத்தியின் இலையிலும் இச்சத்து மிகுதி என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

ஆகாரத்தில் கவனிக்க வேண்டியவை

அரிசி: நன்கு தீட்டிய பச்சரிசியில் உமிக்கு உட்பட்ட தவிடும் முளையும் நீங்கிவிடுவதால், அவற்றோடு ‘பி’ வகைச் சத்துக்களும் நீங்கிவிடுகின்றன. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்துக்களில் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் இறங்கித் தங்குகிறது. முன்னர்ச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே ‘பெரிபெரி’ என்னும் நோய் காணப்பட்டதும், புழுங்கலரிசி உண்ணும் தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாக இருந்ததும் இக்காரணத்தாலேயே. ஆதலால் அதிகம் தீட்டாத புழுங்கலரிசியே உசிதம். அதைப் பல தடவை பிசைந்து கழுவுதலும், கஞ்சியை வடித்துக் கொட்டுதலும் கூடாது. வடித்தால் அக்கஞ்சியை உப்பும் மோரும் சேர்த்துப் பருகுக.

சிறுதானியம்: நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு, அதே அளவு தீட்டிய அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராமே. கம்பில் இரும்புச் சத்து அரிசியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். திருமங்கலம், உசிலம்பட்டிப் புன்செய் நிலங்களில் விளையும் இத்தானியங்களை ஏழைகளின் உணவென்று ஒதுக்குவது தவறு.

எண்ணெய்: கீரையில் உள்ள வைட்டமின் ‘ஏ’யின் மூலப்பொருள் கொழுப்பில் கரைவது. சிறிது எண்ணெய் சேராவிடில் அது உடலில் சரியாகச் சேராது. நல்லெண்ணெயில் தோலுக்கு இன்றியமையாத கொழுப்புச் சத்தும் நிறைய இருத்தலால், கீரையை நல்லெண்ணெயில் தாளித்து உண்பது இரட்டை நன்மை தரும்.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஏற்ற இரண்டு பண்டங்களைச் செய்யும் விதம் பின்வருமாறு:

முருங்கைக்கீரைப் பருப்பு: பாசிப்பருப்பு ஓர் ஆழாக்கு (சுமார் 140 கிராம்), உருவிய முருங்கையிலை நான்கு கைப்பிடி, சின்ன வெங்காயம் பத்து, சீரகம், மிளகாய் வற்றல், நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பருப்பை அளவான நீரில் வேகவைத்து, முக்கால் பங்கு வெந்ததும் முன்னரே கொத்தாக அலசி உருவிய கீரையைச் சேர்த்துச் சில நிமிஷங்கள் மட்டும் வேகவிட வேண்டும். கீரை வெந்த நீரைக் கொட்டலாகாது. எண்ணெயில் சீரகம், மிளகாய், வெங்காயம் தாளித்துக் கொட்டி இறக்குக. உண்ணும்போது சில துளி எலுமிச்சம்பழச் சாறு பிழிந்துகொண்டால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேரும்.

கேழ்வரகு அடை: கேழ்வரகு மாவு மூன்று ஆழாக்கு, முருங்கையிலை இரண்டு கைப்பிடி, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் எண்ணெய் விட்டு வேகவைக்க வேண்டும். இதற்கு எள்ளுத் துவையல் ஏற்றது. முட்டையும் மீனும் உண்ணும் வழக்கமுடையோர் அவற்றை வாரம் சில முறை சேர்ப்பது நலம்.

காலையில் கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும், நண்பகலில் சோறும் கீரைப் பருப்பும் மோரும், இரவில் அடையும் துவையலும் என்று அமைத்துக்கொண்டால் வயிறும் நிறையும், சத்தும் சேரும். இடையில் சிறுவருக்குப் பயற்றுச் சுண்டல், பப்பாளி, நெல்லிக்காய் ஆகியவற்றைக் கொடுக்கலாம்.

மேற்பூச்சுக்கள்

ஆகாரம் சீரான பின்னர் மேற்பூச்சுக்கள் தம் வேலையைச் செய்யும். அவற்றின் வேலை அழுக்கையும் மிகுந்த எண்ணெய்ப் பசையையும் நீக்குதல், தோலை வறளாமல் காத்தல் ஆகியவையே.

குளியல் மாவு: பச்சைப்பயறு ஒரு படி, கடலைப்பருப்பு கால் படி, காய்ந்த ஆவாரம்பூ இரண்டு கைப்பிடி, வெட்டிவேர் சிறிது, கஸ்தூரி மஞ்சள் இரண்டு துண்டு ஆகியவற்றை இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, இயந்திரத்தில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் படாத பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். குளிக்கும்போது நீரிலோ மோரிலோ குழைத்து மெதுவாகத் தேய்த்தால், மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சி அழுக்கோடு வந்துவிடும். காரமான சோப்பினால் தோல் வறண்டு வெடிப்பவர்களுக்கு இது ஏற்றது.

தலைக்குத் தேய்க்கும் பொடி: சீயக்காய் ஒரு படி, பச்சைப்பயறு கால் படி, வெந்தயம் ஓர் ஆழாக்கு, காய்ந்த அரப்பு நான்கு கைப்பிடி. அரப்பு என்பது உசில மரத்தின் இலை. சீயக்காயில் நீர் பட்டதும் நுரைக்கும் பொருள் இருத்தலால் அழுக்கு நீங்குகிறது. குடித்து மிஞ்சிய வடிகஞ்சியில் இப்பொடியைக் குழைத்துத் தேய்த்தால் மயிர் சிக்கலின்றி இருக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய பொருள் எதையும் முதல் நாள் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ உண்டாகாவிடில் மறுநாள் உபயோகித்தல் நலம்.

விலக்க வேண்டியவை

எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் செல்வதால் தோல் வெந்து, பல வாரம் நீங்காத கரும்படை உண்டாகக்கூடும். அதன் இடம் முகம் அன்று; உண்ணும் இலையே. நிறம் எடுப்பாக இருப்பதற்காகச் சிலர் மஞ்சள் பொடியில் ஈயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பதுண்டு. ஆகையால் கிழங்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே பாதுகாப்பு. உடலைச் சிவப்பாக்கும் என்று விற்கப்படும் பூச்சுக்களில் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதாகச் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளடங்கிய பொருள்களின் விவரம் இல்லாத பூச்சை வாங்கலாகாது.

மாலையில் குழந்தை தட்டித் தடுமாறி நடந்தாலும், வெள்விழியில் புள்ளி தோன்றினாலும், வீட்டு வைத்தியத்தில் நாளைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இக்குறையைத் தடுப்பதற்காகக் குழந்தைகளுக்கு வைட்டமின் ‘ஏ’ திரவம் புகட்டும் திட்டம் நம் நாட்டில் 1970-ல் தொடங்கப்பட்டது.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

நிலம் முழுவதையும் மல்லிகைக்கும் நெல்லுக்கும் ஒதுக்கிவிட்டுக் கீரையைக் கடையில் வாங்குவது சிக்கனமன்று. கிணற்றடியிலும் குளியலறை நீர் செல்லும் வழியிலும் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, ஒரு பாத்தி தண்டுக்கீரை வளர்க்க ஒரு சென்டு நிலம் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் முருங்கை விதையினால் பயிராவது. சுமார் ஆறு மாதத்தில் காய்க்கும். அதற்கு முன்பே கொழுந்தைக் கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளைகள் பெருகும். கோடையில் கிடைக்கும் மிகுதியான இலையை வெயிலில் அன்றி நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்தால் சத்து அதிகம் வீணாகாது. பெரியாற்றுப் பாசன நிலங்களில் நெல் அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்தில் பச்சைப்பயறு விதைத்தால் ஏறக்குறைய எழுபது நாளில் விளைவு காணலாம். வேர் முடிச்சுக்களினால் நிலமும் வளம் பெறும். விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைப்பது முறை.

கிராம அதிகாரிகள், பள்ளிக்கூடங்களையும் சத்துணவுக் கூடங்களையும் ஒட்டியுள்ள காலியிடங்களில் முருங்கையும் அகத்தியும் நட்டு வளர்க்க ஏற்பாடு செய்யலாம். முழங்கை சொரசொரத்த சிறுவனையோ, மாலையில் வழி தெரியாது நிற்கும் சிறுமியையோ கண்டால் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அவர்கள் செய்யத்தக்க உதவியே. கொல்லையில் நிற்கும் கீரை குழந்தையின் இலைக்கு நாள்தோறும் வந்து சேருமாயின், தேக நலத்தோடு மேனி அழகும் தானே உண்டாகும்.