புதுப்புனைவும் காப்புரிமையும்

புதிய கருவி ஒன்றை அமைத்தவர் அதன் செயல்முறையை மறைக்காமல் எழுதித் தருகிறார்; அதற்கு ஈடாக அரசாங்கம் அவருக்குக் குறித்த காலம்வரை தனியுரிமை வழங்குகிறது. இதனையே காப்புரிமை என்கிறோம். இந்தியாவில் அதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பின்னர் அப்புனைவு அனைவர்க்கும் பொதுவாகும்.

பிரான்சு நாட்டுக் கான்ராட் ஷ்லம்பர்ஜர், பூமிக்குள் மின்சாரம் செலுத்தி அடிநிலத்தின் தன்மையை அறியும் முறைக்கு 1915-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1927-இல் அவர் குழுவினர் பெஷல்பிரான் எண்ணெய்க் கிணற்றுள் கருவியை இறக்கிப் பாறைகளின் மின்தடையை அளந்தனர். அக்காப்புரிமை காலாவதியாகி நெடுநாளாயிற்று; இன்று நம் ஊர்களில் கிணறு வெட்டுமுன் நிலத்தடி நீரை ஆராயவும் மின்தடை அளவீடு பயன்படுகிறது. அட்டையும் இரகசிய எண்ணும் கொண்டு தானே பணம் வழங்கும் பொறிக்கு, ஸ்காட்லாந்துப் பொறியியலார் ஜேம்ஸ் குட்ஃபெலோ 1966-இல் பிரிட்டனில் விண்ணப்பித்தார். அத்தகைய பொறிகளை இன்று நாமும் பயன்படுத்துகிறோம்.

நம் உழவர்களும் புதிய கருவிகளை ஆக்குவதுண்டு. பயிரிடும் முறைக்குச் சட்டம் காப்புரிமை அளிப்பதில்லை. புதிய கருவிக்கு அளிக்கும். ஆயினும், சந்தையில் காட்டிய பின்னர் விண்ணப்பித்தால், புதுமை இழந்ததென்று தள்ளப்படக்கூடும். ஆகவே விண்ணப்பம் முதலில், காட்சி பிறகு. சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இதனைத் தத்தம் ஊர்க் கொல்லர், தச்சர், உழவர் ஆகியோர்க்கு எடுத்துரைத்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.