எந்தக் கன்று நடலாம் என்று கேட்டவருக்கு



ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வரும் மழைக்காலத்தில் கன்று நடப்போவதாகவும், வேம்பா புங்கனா என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் நைஜர் நாட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். (நைஜீரியா இல்லை, அதற்கு வடக்கே சகாரா ஓரத்தில் இருப்பது.)

1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் அங்கே மராடி பகுதியில் கன்று நடும் திட்டத்தை நடத்திவந்தார். வெயிலுக்கும் மணற்காற்றுக்கும் ஆட்டுக்கும் போக எதுவும் மிஞ்சவில்லை. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி ஓட்டுவதற்காக டயர் காற்றை இறக்கியபோது, தரையோடு கிடந்த ஒரு புதரின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதரே இல்லை. வெட்டுப்பட்ட மரத்தின் கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். வேர் சாகவில்லை. வயலெங்கும் அப்படிக் கட்டைகள் இருந்தன. விதைப்புக்கு முன் விவசாயிகள் ஆண்டுதோறும் அவற்றை அரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான் வேலை. கட்டைக்கு நாலைந்து நல்ல தண்டுகளை விட்டு மற்றதைக் கழித்து, பக்கக் கொப்புகளைக் கவாத்து செய்தால் போதும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கூண்டு வேண்டாம்.

பிறகு ஏன் அதுவரை செய்யவில்லை? பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வந்த சட்டப்படி மரம் அரசாங்கத்துடையது. தன் நிலத்து மரத்தை வெட்டினாலும் அபராதம். உரிமை இல்லாத மரத்தை யார் வளர்ப்பார்கள்? நம் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனக் கன்றைக் கண்டு விவசாயி பயப்படுவதும் இதே கணக்குதான். அதிகாரிகளின் கெடுபிடி தளர்ந்து, வளர்த்தவரே வெட்டி விற்கலாம் என்ற தைரியம் வந்த பிறகு வேலை ஊர் ஊராகப் பரவியது. சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் என்பது மதிப்பீடு. அந்தப் பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

காற்றின் வேகம் தணிந்தது. மணல் மூடி மூன்று நான்கு தடவை விதைத்த கம்பை ஒரே தடவை விதைத்தால் போதும் என்றானது. காவோ என்றொரு மரம் அங்கே உண்டு. நம் வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடும் என்பதால் பயிருக்கு வெயில் மறைக்காது; உதிர்ந்தது எரு, காய் ஆட்டுக்கு. பெண்கள் விறகுக்கு நடந்த தூரம் குறைந்தது. மழை பொய்த்த ஆண்டில் கொப்பை விற்றுத் தானியம் வாங்கினார்கள். நைஜர் இன்றும் ஏழை நாடுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவதே வீண் என்று சொல்லவரவில்லை. வேர் அற்றுப்போன இடத்தில் நட்டுத்தான் ஆக வேண்டும். போன வருடக் குழியிலேயே இந்த வருடமும் கன்றை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள்தான் எனக்கு ஆகாது.

ஆகவே காசு திரட்டும் முன் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரட்டைச் சுற்றிவாருங்கள். எந்தக் கட்டைக்கு உயிர் இருக்கிறது என்று அவர் காட்டுவார் (சீமைக்கருவேலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்). கொப்பும் காயும் யாருக்கு என்பதை ஊர்க்கூட்டத்தில் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். மிச்ச இடத்துக்கு வேம்பு, புங்கன் எதுவானாலும் சரி.