இராமானுஜரின் பட்டியலில் விடுபட்ட எண்



எல்லிங்ஸ்ருட்டில் வளரும் எமது பிள்ளைகள் முதன்மை எண்ணைப் பாடசாலையில் ‘பிரிம்தல்’ என்று படிக்கின்றனர். இம்முறை நாம் பார்க்கப்போகும் பெரிய எண்ணுக்கு அந்த அறிவே போதும். எண் இதுதான்: 293318625600. தமிழில் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. நோர்வேஜிய மொழியில் 293 மிலியார்டர் என்று தொடங்கி வாசிக்க வேண்டும்.

முதலில் சிறிய எண் ஒன்று. 12 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்போம். 60 உம் அப்படிப்பட்டதே. அதற்குக் காரணிகள் 12. ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று எம் முன்னோர் வைத்த கணக்கு, பங்கிடுவதற்கு எவ்வளவு வசதியானது!

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜர் 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இவ்வெண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916 இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகவே. கணினி இல்லாத அக்காலத்தில் 102 உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. ஆனால் இடையில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. அதுதான் மேலே நாம் எழுதிய 293318625600. வேடிக்கை என்னவென்றால், அதை 23 ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடும்.

இனிக் காரணிகளை எண்ணுவோம்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம்? ஒரு காரணியை அமைக்கும்போது 2 ஐ எடுக்காமலே விடலாம். அல்லது ஒரு முறை முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். பெற்றோர் இவ்விடத்தில் அவசரப்படாமல் 12 ஐ வைத்தே செய்து காட்டுவது நல்லது: 12 = 2² × 3, எனவே 3 × 2 = 6.

சுட்டிகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கி வருவதைக் கவனியுங்கள். எங்கும் ஏறக்கூடாது. 18 = 2 × 3². அதற்கும் 6 காரணிகள் உண்டு. ஆனால் சுட்டிகளை இடம் மாற்றினால் 12 கிடைக்கிறது: காரணிகள் அதே ஆறு, எண்ணோ சிறியது. 18 தோற்றுவிடுகிறது.

எமக்கு மிகவும் பிடித்தது இனித்தான். 5040 உம் ஓர் உயர் பகு எண்! அதன் காரணிகள் 60. 60 இன் காரணிகள் 12. 12 க்கு 6, 6 க்கு 4. எல்லாமே உயர் பகு எண்கள். 4 க்கு 3 காரணிகள். 3 உயர் பகு எண் அல்ல, சங்கிலி அங்கே அறுகிறது.

பயிற்சி: 6746328388800 இல் தொடங்கினால் 10080, பிறகு 72 வரும். 72 இல் சங்கிலி ஏன் அறுகிறது? 60 ஐ நினைவில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.