வானில் பாயும் நெருப்புக் கோளம்

தெலுக் பங்லிமா காராங்கில் இரவு கடையைச் சாத்திவிட்டு வீதிக்கு வரும் நம் வர்த்தகச் சகோதரர்கள், கேரித் தீவின் பக்கம் பேரொளி ஒன்று வானத்தில் பாய்வதை என்றேனும் காணக்கூடும். அஃது யாது? கண்டால் நாம் செய்யத்தக்கது என்ன?

அது நட்சத்திரமன்று. விண்வெளியில் சுற்றித் திரியும் கல், வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் நம் காற்று மண்டலத்துள் புகுகிறது. அதன் முன்னுள்ள காற்று நெருக்குண்டு கடுமையாகச் சூடேற, கல் உருகி ஒளிவிடுகிறது. மணல் பருமனுள்ளவை மெல்லிய கோடாகத் தோன்றி மறையும். வெள்ளிக் கிரகத்தையும் மிஞ்சி ஒளிர்வதையே நெருப்புக் கோளம் என்கிறோம். எரிநட்சத்திரம் விழுவது எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே சகுனம் பார்ப்பதற்கு இங்கே இடமில்லை.

அச்சம் வேண்டா, எச்சரிக்கை வேண்டும். 2009 அக்டோபர் 8ந் தேதி, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் போனே வட்டாரத்தின்மேல் பட்டப்பகலில் இத்தகைய கல் ஒன்று பேரோசையுடன் வெடித்தது. 2013 பிப்ரவரி 15ந் தேதி காலை, ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கருகே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. ஒளியைக் கண்டு வியந்த மக்கள் பலர் சன்னலருகே வந்து நின்றனர். ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறக்குறைய 1,500 பேர் சிகிச்சை நாடினர். அவர்களில் மிகப் பலரைக் காயப்படுத்தியது வானத்துக் கல்லன்று, சன்னல் கண்ணாடியே!

காரணம் எளிது. மின்னல் முந்தி, இடி பிந்தி வருவதை நாம் அறிவோம். ஒளி உடனே கண்ணுக்கு எட்டும். ஓசையோ ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 வினாடி எடுக்கும். 30 கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தால் 90 வினாடி அவகாசம் உண்டு. அந்த அவகாசமே நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

எனவே பேரொளியைக் கண்டதும் கண்ணாடிக் கதவையும் காட்சிப் பெட்டியையும் விட்டு விலகுக. கடைச் சிப்பந்திகளையும் வாடிக்கையாளரையும் விலகச் செய்க. ஐந்து நிமிடம் பொறுத்திருக்க. ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், வெடித்த தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். நாள்தோறும் பேரேடு எழுதும் நமக்கு இக்கணக்கு கடினமன்று.