சென்னையில் சீசன் இல்லாத நாட்கள்: மயிலாப்பூர், தி. நகர், அடையாறில் குறைந்த செலவில் தங்க

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சீசன் என்றால் ஏப்ரல், மே. அந்த மாதங்களில் சென்னைவாசிகளே மலையேறிவிடுவார்கள். சென்னையின் சீசன் மார்கழி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சபாக்களில் கச்சேரி நடக்கும். அதற்காக வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே அறையைப் பதிவு செய்துவிடுவார்கள். அந்த நாட்களைத் தள்ளிவிட்டால் மற்ற மாதங்களெல்லாம் மலிவு என்று நினைப்பதற்கில்லை. இங்கே அறை வாடகையை ஏற்றி இறக்குவதில் வெயில், மழையைவிடப் பஞ்சாங்கத்துக்குப் பங்கு அதிகம். அதுவும் பேட்டைக்குப் பேட்டை வேறுபடும். தேதியை முடிவு செய்யுமுன் முகூர்த்த நாட்கள் குறித்த தினசரிக் காலண்டர் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

காரணம் கல்யாணம். தி. நகரிலும் மயிலாப்பூரிலும் திருமண மண்டபங்கள் நெருக்கமாக இருக்கின்றன. முகூர்த்தத்துக்கு முதல் நாளே மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் பத்துப் பதினைந்து அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவது வழக்கம். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் தனியாக வருபவருக்கு மிஞ்சுவது லிஃப்டுக்குப் பக்கத்து அறையோ, ஜன்னல் இல்லாத அறையோதான். ஆடியில் கல்யாணம் கிடையாது; புரட்டாசியையும் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். ஆகவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையும் பேரம் பேச ஏற்ற காலம். ஆடித் தள்ளுபடிக்குத் தி. நகரில் கூட்டம் அலைமோதும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி மாலையில் பைகளோடு வீடு திரும்பிவிடும் கூட்டம். பொங்கல் முடிந்த பிறகு பிப்ரவரியில் வெயிலும் கடுமையாக இராது. அந்த மாதத்தில் முகூர்த்தம் இல்லாத வாரநாட்களாகப் பார்த்து வருவது நல்லது.

தி. நகரில் லாட்ஜ்கள் உஸ்மான் சாலை, பஸ் ஸ்டாண்டு, மாம்பலம் ஸ்டேஷன் ஆகியவற்றைச் சுற்றி இருக்கின்றன. ரங்கநாதன் தெருவுக்கு மிக அருகில் எடுத்தால் பெட்டியோடு அந்தத் தெருவை நீந்திக் கடக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்தில் எடுத்தால் இரைச்சல் குறைவு, வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைக் கடந்தால் கடைத்தெரு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். மார்கழியிலோ கல்யாணம் இல்லாததால், மயிலாப்பூர் நிரம்பி வழியும்போதும் தி. நகர் லாட்ஜ்களில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும் தி. நகரிலேயே இருப்பதால், சங்கீத சீசனுக்கென்றே வருபவரும் இங்கே தங்கி மியூசிக் அகாடமிக்கு ஆட்டோவில் போய்வரலாம்.

லாட்ஜ் கவுண்டரில் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “24 அவர்ஸா, 12 டு 12-ஆ?” முதல் முறையில், அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். இரண்டாவதில் எப்போது வந்தாலும் பகல் 12 மணியோடு கணக்கு முடியும். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வந்து சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு 24 மணி நேரக் கணக்கில் இரண்டு நாள் வாடகை. 12 டு 12-இல், கறாராகப் பார்த்தால், மூன்று நாள். தென் மாவட்ட இரவு ரயில்கள் பலவும் விடிகாலையில் வந்து சேர்வதால் இந்த வித்தியாசம் பலரையும் தாக்கும். கூட்டமில்லாத மாதங்களில் மேனேஜர்கள் இதில் விட்டுக்கொடுப்பார்கள். வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வதைவிட, “காலையிலயே ரூம் குடுத்துடுங்க சார், அதுக்குத் தனியா போடாதீங்க” என்று கேட்பது லாபம். பெரிய ஓட்டல்களில் இந்தப் பேச்சு அவ்வளவாக எடுபடாது.

வரியையும் சேர்த்துத்தான் வாடகையா என்பதை அப்போதே கேட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். பழைய விகிதத்திலேயே யாராவது கணக்குப் போட்டால் பில்லைக் காட்டிக் கேட்கலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை நான்-ஏசி அறை மலிவாகக் கிடைக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி மாடி அறைக்கு மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு முழுக்க அனலை இறக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிவிடும். குளியலறைக் குழாயில் இரவு பத்து மணிக்கும் வெந்நீர்தான் வரும். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தின்போது இரண்டாவது மாடிக்கு மேல் நான்-ஏசி அறை எடுப்பது தண்டனை. ஏ.சி. அறை எடுப்பவர், மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, விளக்கும் விசிறியும் மட்டுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, வடகிழக்குப் பருவமழையில், நிலைமை தலைகீழ்: தரைத்தள அறைதான் ஆகாது. தி. நகர், 1920களில் பழைய ஏரி நிலத்தையொட்டி உருவான பகுதி. பெருமழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை.

மயிலாப்பூரில் குறைந்த வாடகை அறைகள் எண்ணிக்கையில் குறைவு. கோயில் குளத்தைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் சில பழைய விடுதிகள் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் போனால் நட்சத்திர ஓட்டல்கள். நடுத்தரம் வேண்டுபவருக்கு சர்வீஸ் அபார்ட்மென்ட்தான் வழி. மார்கழி ரசிகர்களை நம்பி நடக்கும் இத்தகைய வீடுகள் மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாகச் சொன்னால் உரிமையாளரே நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு இறங்கி வருவார். சமையலறை இருப்பதால் காபி, டிபன் செலவும் மிச்சம். அந்தக் கோயிலின் பங்குனிப் பெருவிழா நடக்கும் பத்து நாட்களில், அதிலும் அறுபத்துமூவர் உலா வரும் எட்டாம் நாளில், மாட வீதி விடுதி வாசல் வரை ஆட்டோ கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதைப் பார்க்கவே வருபவருக்கு அது குறையல்ல.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் திருவல்லிக்கேணி. அங்குள்ள மேன்ஷன்களில் பெரும்பாலும் மாத வாடகைக்கு வேலை தேடுவோரும் வேலையிலிருப்போரும் தங்குகிறார்கள். சிலவற்றில் நாள் வாடகைக்கும் அறை தருவார்கள். திருவல்லிக்கேணி ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோவில், அடுத்தது திருமயிலை. மேன்ஷன் ஏறக்குறைய முழுக்க ஆண்களின் உலகம். தனியாக வரும் பெண்களுக்கு எழும்பூர்ப் பக்கம் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் பொருத்தம். தொலைவு கொஞ்சம் கூடும்.

அடையாறு இந்தக் கணக்குகள் எதற்கும் அடங்காது. 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை நாடி ஆண்டு முழுவதும் வெளியூர்க் குடும்பங்கள் வருகின்றன. காந்தி நகர் சுற்றுவட்டாரத்தில் சமைத்துக்கொள்ள வசதியுள்ள சிறு அறைகளை வாரக்கணக்கில் எடுப்பவர்கள் அவர்கள்தான். சுற்றிப் பார்க்க வருபவர் அந்த அறைகளுக்குப் போட்டி போடாமல் பெசன்ட் நகர், இந்திரா நகர், திருவான்மியூர் பக்கம் தேடுவதே முறை. பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை கூட்டம் இருக்கும்; மற்றபடி வாரநாட்களில் அமைதி. கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் ஸ்டேஷன்கள் மூன்றும் பறக்கும் ரயில் தடத்திலேயே இருப்பதால் மயிலாப்பூருக்குப் போய்வருவது எளிது.

வந்து சேரும் வழியையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். தென் மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அங்கேயே நின்றுவிடுகின்றன. நள்ளிரவில் அங்கிருந்து அடையாறுக்கு ஆட்டோ பிடித்தால் அறையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ரயிலில் வருபவர், வண்டி மாம்பலத்தில் நிற்காவிட்டால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

அறை எடுக்கும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும், ஆதார் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விஷயம் வேறு. அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது விடுதியின் கடமை. அந்த ஏற்பாடு இல்லாத சிறு லாட்ஜ்கள், இலங்கையிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் தமிழரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முன்பணம் கட்டுமுன் தொலைபேசியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.